பதினேழு ஆடும் பாட்டியின் ஓர் ஆடும்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேரன்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு காசு வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஆலயத் தலைவர் அவர்களே, ஈப்போவிலிருந்து நேரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, மகளிர் பிரிவுத் தலைவி அம்மா அவர்களே, சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தம்பிமார்களே, முன்னால் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

டத்தோ அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. தமக்குப் பொன்னாடையும் மாலையும் வேண்டாம், அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குச் செலவு செய்யுங்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு பொன்னாடைக் காசில் ஒரு மடக்கு மேசை வாங்கலாம். அந்த மேசை எதற்கு என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். மகளிர் பிரிவினர் பின்கட்டில் நெய்ச்சோறு சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும், ஒலிபெருக்கியைத் தோளில் சுமந்துவந்த இளைஞர்களுக்கும் நன்றி. நம் நாட்டின் முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த மண்ணில் பேசுகிறேன் என்பதை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு தொடங்குகிறேன்.

நம் ஊர்ப் பெயரை ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு. சிப்புட் என்றால் நத்தை. நத்தை என்றதுமே கணக்குப் பைத்தியங்களுக்கு ஒரு பழைய புதிர் ஞாபகம் வரும். பத்தடிக் கம்பம். நத்தை பகலில் மூன்றடி ஏறும், இரவில் இரண்டடி சறுக்கும். எத்தனையாவது நாளில் உச்சியைத் தொடும்? பத்தாவது நாள் என்று இங்கேயே பல வாய்கள் முணுமுணுக்கின்றன. நாளுக்கு ஓரடி, பத்தடிக்குப் பத்து நாள் என்பது அவர்கள் கணக்கு. ஏழாம் இரவு முடியும்போது நத்தை ஏழாவது அடியில் இருக்கிறது. எட்டாம் நாள் பகலில் மூன்றடி ஏறினால் பத்து வந்துவிட்டது. உச்சியைத் தொட்ட பிறகு சறுக்கினால் என்ன, சறுக்காவிட்டால் என்ன? விடை எட்டாம் நாள். தவறு எங்கே நடந்தது? கடைசி நாளுக்கு இரவு கிடையாது என்பதை எண்ணாமல் விட்டோம்.

நத்தையைச் சொன்னேன், ஆற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. என் பேச்சைக் கேட்டவர்களுக்கு இந்தப் பழமொழி காது புளித்திருக்கும், தெரியும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வீணாகப் போகிற பொருளுக்கே அளவு வேண்டும் என்று சொன்ன கூட்டம் நம் கூட்டம். அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் கணக்கு என்றால் மருந்து குடிக்கிற முகம் காட்டுகிறார்கள்.

ஐந்து செய்திகள் கொண்டுவந்திருக்கிறேன். ஆட்டுக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு, மரம் நடும் கணக்கு, 6174 என்ற எண், கடைசியாக மாயச்சதுரமும் கோலமும்.

முதலில் ஆடு.

ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே ஒரு பெரியவர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார், நிரை நிரையாகப் பால்மரத்தைச் சீவிப் பால் எடுப்பார், பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் ஆடு மேய்ப்பார். காசு சேர்க்கத் தெரியாது, ஆடு சேர்க்கத் தெரியும். கண்மூடுகிற காலத்தில் பதினேழு ஆடு. தோட்டத்துக் கணக்கரான கிராணியைக் கூப்பிட்டு எழுதி வைத்தார். “பெரியவனுக்குப் பாதி. நடுவுலவனுக்கு மூணுல ஒரு பங்கு. சின்னவனுக்கு ஒம்பதுல ஒரு பங்கு. ஒரு ஆட்டையும் வெட்டக்கூடாது, விக்கக்கூடாது.” எழுதிக் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். பெரியவன் கணக்குப் போட்டான்.

“எனக்கு எட்டரை ஆடு.”

“அந்த அரை ஆட்டை எந்தக் கொட்டாயில கட்டுவண்ணே? நிக்குமா?” என்றான் நடுவுலவன்.

“ஒனக்கு எவ்வளவு வருது, அதச் சொல்லு.”

“அஞ்சே முக்காலுக்குக் கொஞ்சம் கொறச்சல்.”

சின்னவன் மூலையிலிருந்து கேட்டான்: “எனக்கு ரெண்டுக்குக் கொஞ்சம் கொறச்சலா வருது. அந்தக் கொறச்சல் வால் பக்கமா, கொம்பு பக்கமா?”

பேச்சு முற்றியது. கங்காணி வந்தார். தலையைச் சொறிந்தார். எழுதிய தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஆட்டிறைச்சிக் கடைக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“பதினேழு ஒத்தப்படை, அதான் தகராறு. ஒண்ண எனக்குக் குடுத்துடுங்க, பதினாறு ஆயிடும். பாதி எட்டு, சரியா?”

“சரி, மூணுல ஒண்ணு?”

பதினாறு மூன்றுக்கு இடம் கொடுக்கவில்லை. “அப்ப இன்னொண்ணக் குடுங்க, பதினஞ்சு ஆயிடும். மூணுல ஒண்ணு அஞ்சு.”

“பாதி போச்சே.”

“கவலைப்படாதீங்க, இன்னும் மூணு குடுங்க. பன்னெண்டு. பாதி ஆறு, மூணுல ஒண்ணு நாலு.”

“ஒம்பதுல ஒண்ணு?” என்றான் சின்னவன். கடைக்காரர் அடுத்த ஆட்டைப் பார்த்தார். இப்படியே போனால் கணக்கு சரியாகும்போது கொட்டாயில் கயிறுதான் மிஞ்சும் என்று கங்காணிக்கே புரிந்துவிட்டது.

ஆயாக்கொட்டகையில் இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் வளர்த்த பாட்டி அந்தப் பக்கமாக வந்தார். கையில் கயிறு, கயிற்று நுனியில் அவருடைய ஒரே ஆடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம் ஆட்டைக் கொண்டுபோய் அந்தப் பதினேழோடு கட்டினார்.

“ஆத்தா, இது ஒங்க ஆடு!”

“எண்ணுடா.”

“பதினெட்டு.”

“பாதி?” “ஒம்பது.” “புடிச்சிக்க. நடுவுலவனே, பதினெட்டுல மூணுல ஒண்ணு?” “ஆறு.” “புடிச்சிக்க. சின்னவனே, ஒம்பதுல ஒண்ணு?” “ரெண்டு.” “நீயும் புடிச்சிக்க. ஒம்பதும் ஆறும் ரெண்டும் எத்தன?”

“பதினேழு.”

மிஞ்சிய ஆடு பாட்டுக்குப் புல் தின்றுகொண்டிருந்தது. பாட்டி கயிற்றை அவிழ்த்தார். “என் ஆட்ட நான் ஓட்டிக்கிட்டுப் போறேன். நீங்க போயி சோறு தின்னுங்கடா.”

கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. உலகம் முழுவதும் பல வேஷத்தில் உலவும் கதை இது. ஒட்டகம் இருக்கிற ஊரில் ஒட்டகம், நம் ஊரில் ஆடு. கதை கேட்டுக் கைதட்டிவிட்டுப் போனால் பாதிப் பயன்தான் கிடைக்கும். பாட்டி செய்தது எப்படி நடந்தது? பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று மூன்றையும் கூட்டுங்கள். 9/18, 6/18, 2/18. மொத்தம் 17/18. அப்பன் எழுதி வைத்த பங்குகள் முழுசு ஆகவே இல்லை. பதினெட்டில் ஒரு பாகத்தை யாருக்கும் எழுதாமல் விட்டுவிட்டார். அந்த விட்டுப்போன பாகத்தின் இடத்தில்தான் பாட்டியின் ஆடு நின்றது. இன்னொன்றையும் கவனியுங்கள். எட்டரை வரவேண்டியவனுக்கு ஒன்பது, ஐந்தே முக்காலுக்குக் குறைவாக வரவேண்டியவனுக்கு ஆறு, இரண்டுக்குக் குறைவாக வரவேண்டியவனுக்கு இரண்டு. மூவருக்குமே எழுதியதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் சண்டை நின்றது.

இதைத் தெரிந்துகொண்டால் பிள்ளைகளே புதுக் கதை கட்டலாம். பங்குகளைக் கூட்டினால் முழுசுக்குச் சரியாக ஒரே ஒரு பாகம் குறைய வேண்டும், அவ்வளவுதான். பாதி, நாலில் ஒன்று, ஆறில் ஒன்று: கூட்டினால் 11/12. ஆகவே 11 ஆடு. பாட்டி ஓர் ஆடு கொண்டுவந்தால் 6, 3, 2. பாதி, மூன்றில் ஒன்று, எட்டில் ஒன்று: 23/24. அங்கே 23 ஆடு. பங்கு 12, 8, 3. பாதி, மூன்றில் ஒன்று, ஏழில் ஒன்று என்றால் 41 ஆடு வேண்டும். 21, 14, 6.

தமிழிலேயே இதற்கு அருமையான ஏணி இருக்கிறது. அரை, கால், அரைக்கால். மூன்றும் சேர்ந்தால் முக்காலே அரைக்கால், அதாவது எட்டில் ஏழு. ஏழு ஆடு, பங்கு 4, 2, 1. நாலாவது மகனும் இருந்தால் அவனுக்கு மாகாணி, பதினாறில் ஒன்று. அப்போது 15 ஆடு, பங்கு 8, 4, 2, 1. காணி, முந்திரி என்று நம் முன்னோர் எண்பதில் ஒன்றுக்கும் முந்நூற்று இருபதில் ஒன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். முந்திரி என்றால் நம் பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பலகாரம் மட்டும்தான் தெரிகிறது.

கதை கட்டும்போது பெரியவர்களே விழுகிற குழி ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு ஒன்பதில் ஒன்று என்பதை மறந்து ஆறில் ஒன்று என்று சொல்லிவிடுவார்கள். பதினெட்டு ஆட்டில் பாதி ஒன்பது, மூன்றில் ஒன்று ஆறு, ஆறில் ஒன்று மூன்று. கூட்டினால் பதினெட்டு. பாட்டியின் ஆடும் பங்கில் போய்விட்டது! பாதியும் மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் முழுசாகவே ஆகிவிடும், பாட்டிக்கு நிற்க இடம் இல்லை. மேடையில் சொல்வதற்கு முன் பங்குகளைக் கூட்டிப் பாருங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

பங்கு, பாகம், துண்டு என்பவை இந்த ஊர்க்காரர்களுக்கு விளையாட்டுச் சொற்கள் அல்ல. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கினார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயரே வந்தது. அந்தத் துண்டாடலில் வேலையும் வீடும் போன குடும்பங்கள் எத்தனை. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைப் பங்காக்கி, தோட்டத்தையே வாங்க வைத்தார். பாட்டாளியின் கையிலும் ஒரு பங்குப் பத்திரம் இருந்தது. அந்தப் பத்திரத்தில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளைக்காவது பின்னம் தெரிய வேண்டாமா? அந்தப் பின்னத்தைக் கற்றுக்கொடுக்கப் பதினேழு ஆடு போதும் என்பதுதான் என் வாதம்.

இப்போது மேசைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை இந்த மண்டபத்தில் ஒரு புதிர் மேசை போட வேண்டும். தமிழில் பேசி, கையால் செய்து பார்க்கும் மேசை. டியூஷன் கிடையாது, மார்க்கு கிடையாது. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். தேர்வு போனது, பயிற்சித்தாள் கட்டு மட்டும் பிள்ளைகளின் பையை விட்டுப் போகவில்லை. ஐம்பது கணக்கை ஒரே அச்சில் போடுகிற பிள்ளைக்கு, ஐம்பத்தோராவது கணக்கு கொஞ்சம் திரும்பி நின்றால் அடையாளம் தெரியவில்லை. தலைமையாசிரியர் அவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர்கள் இந்த முயற்சிக்கு முதல் ஆளாக ஆதரவு தந்ததை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரும் பழைய அலமாரி ஒன்றைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கும் நன்றி.

அந்த மேசையில் முதலில் வைக்க வேண்டியது தண்ணீர். ஒரு 5 லிட்டர் பாத்திரம், ஒரு 3 லிட்டர் பாத்திரம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சரியாக 4 லிட்டர் எடுத்துக்காட்ட வேண்டும். கண்மதிப்புக்கு இடம் இல்லை.

வழி இதுதான். ஐந்தை நிரப்புங்கள். அதிலிருந்து மூன்றை நிரப்புங்கள். ஐந்தில் 2 நிற்கும். மூன்றைக் காலி செய்யுங்கள். அந்த 2-ஐ மூன்றில் ஊற்றுங்கள். அதில் இன்னும் 1 லிட்டருக்கு இடம் இருக்கிறது. ஐந்தை மறுபடி நிரப்பி, மூன்று நிறையும் வரை ஊற்றுங்கள். ஒரு லிட்டர்தான் போகும். ஐந்தில் நிற்பது 4.

காகிதத்தில் இது ஒரு நிமிட வேலை. கையால் செய்யும்போதுதான் பாடமே தொடங்குகிறது. வீட்டில் 5 லிட்டர் பாத்திரம் எது என்று கேட்டால், எல்லாரும் 5 கிலோ சமையல் எண்ணெய்ப் புட்டியைக் கழுவிக் கொண்டுவருவார்கள். கிலோ வேறு, லிட்டர் வேறு. நம் செம்பனை எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஆகவே 5 கிலோ எண்ணெய் பிடிக்கிற புட்டி சுமார் ஐந்தரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்தப் புட்டியையும், ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டை 3 லிட்டராகவும் வைத்துக்கொண்டு, நான் சொன்ன வழியை ஒரு படிகூடப் பிசகாமல் செய்யுங்கள். முதலில் ஐந்தில் நிற்க வேண்டிய 2 லிட்டர், இரண்டரையாக நிற்கும். கடைசியில் ஒரு லிட்டருக்குப் பதில் அரை லிட்டர்தான் போகும். நாலு லிட்டர் வரவேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் வந்து நிற்கும்! வழி சரி, பாத்திரம் தப்பு. 5 கிலோப் புட்டியும் 3 கிலோப் புட்டியும் சேர்த்து எடுத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே விகிதத்தில் பெருத்திருப்பதால், வருகிற தண்ணீர் சுமார் 4.4 லிட்டர், அதாவது 4 கிலோ எண்ணெய் கொள்ளும் அளவு. இது ஏன் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொந்த வாயால் விளக்கிவிட்டால், விகிதம் என்ற பாடத்தை அது கரை கண்டுவிட்டது.

ஆகவே மேசைக்குப் பாத்திரம் தயாரிக்கிறவர்கள் லேபிளை நம்பாதீர்கள். அரை லிட்டர் அளவுக் குவளையால் ஊற்றி, பத்துக் குவளைக்கு ஒரு கோடு, ஆறு குவளைக்கு ஒரு கோடு, அழியாத மையால் போடுங்கள். புட்டியைச் சமதளத்தில் வைத்துக் கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் போடுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் கோடு இடம் மாறும். நெளிகிற மெல்லிய புட்டி உதவாது, கையால் பிடித்தாலே மட்டம் ஏறும். ஸ்டோரில் பால் கொடுத்த பெரியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்பதை மிதவைக்கோல் விட்டுப் பார்த்து, அதன்படிதானே கூலி எழுதினார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற சொல் ஸ்டோர் வாசலில் சோறாகவும் கஞ்சியாகவும் மாறியது.

கூடவே ஒரு கேள்வி. 6 லிட்டர், 4 லிட்டர் பாத்திரம் கொடுத்து, 3 லிட்டர் எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஊற்றுவார்கள், வராது. இரண்டும் இரட்டைப்படை. எத்தனை முறை ஊற்றினாலும் மிஞ்சுவது இரட்டைப்படையாகவே இருக்கும். முடியாது என்பதைக் காரணத்தோடு சொல்வதும் ஒரு விடை என்று பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்ளும். பயிற்சித்தாளில் அந்த விடைக்குக் கட்டமே கிடையாது.

மூன்றாவது, மரம். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதையும் வைத்து ஒரு புதிர். ஒன்பது மரம் நட வேண்டும். நிரைக்கு மூன்று மரம். எத்தனை நிரை கிடைக்கும்? மூன்று நிரை என்பார்கள் முதலில். குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமும் எண்ணினால் எட்டு. பத்து நிரை வரவேண்டும் என்பதுதான் கேள்வி.

கட்டக் காகிதமும் ஒன்பது சாகா விதையும் எடுங்கள். நம் ஊரில் மஞ்சாடி என்று சொல்வோமே, அந்தச் சிவப்பு விதை. மேல்கோட்டில், இடமிருந்து வலமாக 0, 1, 2, 3, 4 என்று எண்ணி, 0, 2, 4 என்ற கட்டங்களில் மூன்று விதை. இரண்டு கட்டம் கீழே, அதே 0, 2, 4-இல் மூன்று விதை. நடுக்கோட்டில் மட்டும் 0, 2, 4 வைக்காமல் 1, 2, 3-இல் வையுங்கள். அவ்வளவுதான். இனி நூல் பிடித்துப் பாருங்கள். படுக்கையாக மூன்று நிரை. நடுவில் நெட்டுக்கு ஒன்று. மூலைக்கு மூலை இரண்டு. ஆறு ஆயிற்று. இடப்பக்கம் உள்ளே தள்ளிய விதை வழியாக, மேல்மூலையிலிருந்து கீழ் நடுவுக்கு ஒன்று, கீழ்மூலையிலிருந்து மேல் நடுவுக்கு ஒன்று. வலப்பக்கமும் அப்படியே இரண்டு. மொத்தம் பத்து.

சாதாரண மூன்றுக்கு மூன்று அடுக்கிலிருந்து இரண்டே இரண்டு விதையை ஒவ்வொரு கட்டம் உள்ளே நகர்த்தினோம். ஓரத்து நெட்டு நிரை இரண்டு போனது. சாய்ந்த நிரை நாலு வந்தது. எட்டில் இரண்டு கழித்து நாலு கூட்டினால் பத்து. பிள்ளைகள் தவறுகிற இடம் ஒன்றுதான்: கண்மதிப்பில் நகர்த்துவார்கள். அரைக்கட்டம் பிசகினாலும் நூலில் மூன்று விதை ஒன்றாக நிற்காது. நூலை இறுக்கிப் பிடிக்க இருவர் வேண்டும். ஒரு பிள்ளை தனியாகச் செய்தால் நூல் வளைந்து, இல்லாத நிரையும் இருப்பதாகத் தெரியும். சிமெண்டுத் தரையில் விதை உருண்டு ஓடும், கீழே சாக்கு விரியுங்கள்.

நாலாவது, 6174. மராட்டியத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் என்பவர் 1949-இல் கண்ட அதிசயம். நாலு இலக்க எண் ஒன்று எடுங்கள். நாலும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, அதிலிருந்து சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கியதைக் கழியுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். நம் மெர்டேக்கா ஆண்டு, அதாவது சுதந்திரம் பெற்ற ஆண்டு, 1957-ஐ எடுப்போம். 9751-இல் 1579 போனால் 8172. பிறகு 7443, 3996, 6264, 4176, கடைசியில் 6174. அதற்குமேல் 7641-இல் 1467 போனாலும் 6174-தான், நகராது. எந்த எண்ணும் ஏழு படிக்குள் அங்கே வந்துவிடும். 2111 போன்ற எண்ணில் முதல் கழித்தலில் 999 வரும். அதை 0999 என்று எழுதினால்தான் வண்டி ஓடும். பூச்சியத்தை விட்டவர்கள் சூத்திரம் பொய் என்று சண்டைக்கு வருவார்கள். சாலையில் போகிற மோட்டார் நம்பரையெல்லாம் பிள்ளைகள் இப்படிக் கழித்துக்கொண்டே வீட்டுக்குப் போகட்டும். பெரிய பல்கலைக்கழகம் இல்லாத ஒரு சிற்றூரில், ஒரு பள்ளி ஆசிரியர் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு கண்டது இது. நம் ஆசிரியர்களும் சிற்றூரில்தானே இருக்கிறார்கள்.

இடையில் வெள்ளிக் கணக்கு, அதாவது ரிங்கிட் கணக்கு, ஒன்றைக் கேட்டு ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். மூவர் சாப்பிட்டு ஆளுக்குப் பத்து வெள்ளி, முப்பது கொடுத்தார்கள். முதலாளி ஐந்து வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பையன் இரண்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தான். ஆளுக்கு ஒன்பது, மொத்தம் 27, பையனிடம் 2, ஆக 29. ஒரு வெள்ளி எங்கே? எங்கேயும் போகவில்லை, தம்பி. அந்த 27-க்குள்ளேயே பையனின் 2 இருக்கிறது; முதலாளியிடம் 25, பையனிடம் 2. உள்ளே இருப்பதை மறுபடி வெளியே கூட்டினால் கணக்கு திருடனாகத் தெரியும். 27-ஓடு கூட்ட வேண்டியது கைக்குத் திரும்பி வந்த 3.

மேசைக்கு இன்னும் என்ன வேண்டும்? பல்லாங்குழி ஒன்று கட்டாயம். பலகை இல்லாவிட்டால் 30 முட்டைத் தட்டை வெட்டிக்கொள்ளலாம். ஒரு வரிசைக்கு ஆறு குழிதான் வரும். ஏழாவது குழியை மிச்சத் துண்டிலிருந்து வெட்டி ஒட்டுங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து, ஆக 70 விதை. ரப்பர்க்கொட்டை போடாதீர்கள், பெரிது. ஒரு குழியில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் வழியும். மஞ்சாடியோ புளியங்கொட்டையோ நல்லது. பாட்டிமார்கள் எண்ணாமலே எந்தக் குழியை எடுக்கலாம் என்று சொல்வார்களே, அது எப்படி? ஒரு குழியில் 14 விதை இருந்தால், சுற்றிவந்து கடைசி விதை அதே குழியில் விழும். 13 இருந்தால் ஒரு குழி முன்னாலேயே தீர்ந்துவிடும். 14-ஆல் வகுத்து மீதி பார்க்கிற கணக்கு அது. பாட்டிமார்களைச் சனிக்கிழமை மண்டபத்துக்குக் கூட்டிவாருங்கள்; அவர்கள்தான் அந்த மேசைக்கு ஆசிரியர்கள்.

பலாப்பழக் காலத்தில் ஒரு பழமும் வேண்டும். கணக்கதிகாரம் என்ற நம் பழைய கணக்கு நூலில் பலாச்சுளைக்கு வழி சொல்லியிருக்கிறது: காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. எண்ணி எழுதிவைத்து, பிறகு வெட்டிச் சுளையை எண்ணுங்கள். சரியாக வந்தாலும் வராவிட்டாலும் தாளில் குறியுங்கள். ஐந்தாறு பழத்துக்குக் குறித்தால், விதி எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சுளையை யார் தின்பது என்பதற்கு விதி வேண்டாம்.

மேசைக்கு மூன்று கட்டுப்பாடு. பெரியவர்கள் முதல் பத்து நிமிடம் விடை சொல்லக்கூடாது. விடை கண்ட பிள்ளை ஏன் என்று தமிழில் இன்னொரு பிள்ளைக்கு விளக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கு ஒரு புதிர்தான். பத்துப் புதிரைக் கொட்டினால் அதுவும் பயிற்சித்தாள் ஆகிவிடும்.

அவைத் தலைவர் சீட்டு கொடுத்துவிட்டார். டத்தோ அவர்கள் ஈப்போவில் இன்னொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டும், நெய்ச்சோறும் தயார். மாயச்சதுரத்துக்கும் கோலத்துக்கும் இன்று நேரம் இல்லை. மகளிர் பிரிவுத் தலைவி அம்மா புள்ளிக்கோலத்தை அவரே மேசையில் போட்டுக்காட்டச் சம்மதித்தால், என்னைவிட நன்றாக அமையும்.

மண்டபச் சாவி ஆலயத் தலைவரிடம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை 10 மணி. கோடு போட்ட 5 லிட்டர், 3 லிட்டர்ப் பாத்திரம் ஒவ்வொன்று, வாளி இரண்டு, சாக்கு நாலு, கட்டக் காகிதம், நூல்கண்டு, மஞ்சாடி நூறு. யார் எதைக் கொண்டுவருவது என்று வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சாப்பிட்டுப் போகும்போது பெயர் எழுதுங்கள். வரும்போது இதற்கும் விடை கொண்டுவாருங்கள்: 19 ஆடு, மூன்று பிள்ளைகள், பெரியவனுக்குப் பாதி. மற்ற இருவருக்கும் என்ன பங்கு எழுதி வைத்தால் பாட்டியின் ஆடு வீடு திரும்பும்?